முன்பாரமும் பின்பாரமும்

(பழைய மாணவர் பக்கம் - ஆட்டோமொபைல் பிரிவு, 1996)



மாணவர் பேரவை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், "வெளிநாட்டு அனுபவம் எதையாவது எழுதுங்கண்ணே" என்று பேரவைத் தம்பி கேட்டபோது, பெருமையாக எதையாவது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கு உதவப் போவது பெருமை அல்ல, நான் செய்த ஒரு தப்பு. ஆகவே அதையே எழுதுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.

கேரவன் என்றதும் உங்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அது இல்லை. என்ஜின் கிடையாது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள சக்கர வீடு. காருக்குப் பின்னால் ஓர் இரும்பு உருண்டையில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். நான் வேலை பார்க்கும் ஆஸ்திரேலியாவில் பள்ளி விடுமுறை விட்டால் போதும், ரோடெல்லாம் கேரவன்தான்.

2019-ல் ஊரிலிருந்து அம்மாவைப் பெர்த் நகருக்கு வரவழைத்திருந்தோம். அங்கிருந்து அடிலெய்டில் இருக்கும் உறவினர் வீடு வரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். "விமானத்துல போனா என்ன தெரியும்? ரோட்டுலயே போவோம்" என்று நான்தான் ஆரம்பித்தேன். என்னிடம் டொயோட்டா லேண்ட்குரூசர் 200 இருந்தது. ஃபோர் வீல் டிரைவ், வி-8 டீசல் என்ஜின். இழுக்கும் திறன் 3,500 கிலோ என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கேட்கவா வேண்டும்! பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் உள்ள, 21 அடி நீள, இரட்டை அச்சு கேரவன் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். சாமான்களோடு சேர்த்து அதற்கு அனுமதிக்கப்பட்ட எடை 3,500 கிலோ. கார் இழுப்பது 3,500, கேரவன் 3,500. பொருத்தம் பத்துக்குப் பத்து!

கிளம்புவதற்கு முதல் நாள் சாமான்களை எல்லாம் ஏற்றி, கேரவனைக் காரில் மாட்டினேன். காரின் பின்பக்கம் தொபுக்கென்று உட்கார்ந்துவிட்டது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது. ஆட்டோமொபைல் படித்தவன் அல்லவா? உடனே மூளை வேலை செய்தது. கேரவனின் முன்பக்கம் இருந்த ஜெனரேட்டர், டூல்ஸ் பெட்டி, தண்ணீர்க் கேன்கள் எல்லாவற்றையும் தூக்கிக் கேரவனின் கடைசியில் வைத்தேன். பிள்ளைகளின் இரண்டு சைக்கிள்களையும் பின்பம்பரில் கட்டினேன். காரின் பின்பக்கம் மெல்ல எழுந்து நின்றது. "சபாஷ்டா" என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

நார்ஸ்மன் என்ற ஊரில் ஐர் நெடுஞ்சாலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து சிடூனா வரை 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒரு சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ரோடு. அங்கே கேரவன் லேசாக வாலாட்டியது. எதிரே ரோடு டிரெயின் எனப்படும் நீளமான லாரி கடந்து போகும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆடியது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மடூரா என்ற இடம். "மதுரைன்னா போட்டிருக்கான்?" என்று அம்மா சிரித்தாள். அங்கே மேட்டு நிலம் முடிந்து ரோடு சரிவில் இறங்குகிறது. வேகம் நூறைத் தாண்டியது. அப்போதுதான் ஆரம்பித்தது. கேரவன் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. காரின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்குகிறது. ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, ஆனால் வண்டி என் கையில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் கேரவனின் ஒரு பக்கச் சுவர் முழுசாகத் தெரிகிறது. மனைவி "என்னங்க... என்னங்க..." என்கிறாள். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு பேரப்பிள்ளைகளையும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கால் பிரேக்குக்குத்தான் ஓடியது. நல்ல வேளை, மிதிக்கவில்லை. ஆடும் கேரவனை வைத்துக்கொண்டு கார் பிரேக்கை அழுத்தினால், பின்னாலிருந்து அது தள்ளிக் காரையும் மடக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் நேராகப் பிடித்தேன். கேரவனின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க டாஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஆட்டம் குறைந்தது. அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினால் முழங்கால் இரண்டும் நிற்கவில்லை.

அம்மாவும் இறங்கினாள். கேரவனைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சைக்கிளையும் கேனையும் பார்த்தாள்.

"ஏண்டா, பின்பாரமா இருக்கே. உங்கப்பா இப்படி ஏத்துவாராடா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கோவில்பட்டிக்கு அப்பா மாட்டு வண்டியில் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு போன காலத்தில், கூடவே போனவள் அம்மா. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரமானால் மாட்டின் கழுத்தில் பாரம் அழுத்தும். எந்த மூட்டை அச்சுக்கு முன்னால், எந்த மூட்டை பின்னால் என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். கேரவனும் அதே மாட்டு வண்டிதான். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இணைப்பு உருண்டையில் உட்கார வேண்டும். அது குறைந்து கடைசியில் கனம் கூடினால், வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். டிப்ளமோ வாங்கிய நான் மறந்ததை, பள்ளிக்கூடம் போகாத அம்மா ஒரு சுற்றில் கண்டுபிடித்துவிட்டாள்!

அங்கேயே சாமான்களை மறுபடி முன்னால் மாற்றினோம். ஆட்டம் நின்றது. ஆனால் காரின் பின்பக்கம் மறுபடி உட்கார்ந்துவிட்டது. 80-ஐத் தாண்டாமல் ஓட்டிச் சிடூனாவையும் கடந்தோம். வழியில் ஓர் ஊரில் எடை மேடை இருந்தது. ஏற்றினேன். அங்கே கிடைத்த கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் நாலு வார்த்தைகள். காரும் அதில் உள்ள ஆட்களும் சாமானும், உருண்டையில் அழுத்தும் பாரமும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பது ஜி.வி.எம். என் காருக்கு 3,350 கிலோ. கேரவனுக்குச் சாமானோடு உச்ச எடை ஏ.டி.எம். (பணம் எடுக்கும் ஏ.டி.எம். இல்லை, பணத்தை விழுங்கும் ஏ.டி.எம்.!) இரண்டும் சேர்ந்த உச்ச எடை ஜி.சி.எம்., என் காருக்கு 6,850. நாலாவது, எல்லோரும் விளம்பரத்தில் பார்க்கிற இழுக்கும் திறன், 3,500.

இப்போது என் வண்டி. டேங்க் நிரப்பிய வெறும் கார் ஏறக்குறைய 2,700. முன்பக்க புல்பார், கூரை கேரியர், இரண்டாவது பேட்டரி முதலியவை 150. நாங்கள் ஐந்து பேரும் 278. காருக்குள் ஃபிரிட்ஜ், பெட்டி படுக்கை 120. கேரவன் 3,400 கிலோ, அதில் உருண்டைக்கு வந்தது 340. கூட்டினால் 3,588. அதாவது காருக்கு 238 கிலோ அதிகம்!

இழுக்கும் திறன் பாஸ். ஏ.டி.எம். பாஸ். கேரவன் சக்கரங்களின் 3,060-ஐயும் கூட்டினால் 6,648, ஜி.சி.எம்.மும் பாஸ். ஜி.வி.எம். மட்டும் ஃபெயில். மூன்று பேப்பரில் பாஸ், ஒன்றில் அரியர். ஓர் அரியர் இருந்தாலும் டிப்ளமோ கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும்!

இன்னொன்று. உருண்டை பின் அச்சுக்கு மேல் இல்லை, அதற்கும் பின்னால் இருக்கிறது. காரின் இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2.85 மீட்டர், உருண்டை பின் அச்சிலிருந்து 1.25 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்த நெம்புகோல் கணக்குப்படி, 340 கிலோ அங்கே உட்கார்ந்தால் பின் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 490 கிலோ. முன் அச்சிலிருந்து 150 கிலோ தூக்கப்படுகிறது. ரோட்டைப் பிடித்துத் திருப்ப வேண்டிய முன்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. பாரத்தைப் பகிர்ந்து முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் கம்பிகள் கடையில் கிடைக்கும். அவை அச்சுகளின் பங்கை மாற்றுமே தவிர, 238 கிலோவைக் காணாமல் போகச் செய்யாது.

முன்பாரம் வைத்தால் கார் தாங்காது, பின்பாரம் வைத்தால் கேரவன் ஆடும். சாமானை எங்கே மாற்றினாலும் தீராது என்றால் தப்பு சாமானில் இல்லை. அந்தக் கேரவனே எங்கள் குடும்பத்துக்குத் தப்பு.

அடிலெய்டில் அதை விற்றுவிட்டேன், கொஞ்சம் நஷ்டத்தோடுதான். இந்தத் தடவை கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். 3,500-லிருந்து ஆரம்பிக்கவில்லை, அம்மாவிலிருந்து ஆரம்பித்தேன். காரில் யார் யார் உட்காருவார்கள்? 278. கூரை கேரியரைக் கழற்றினால் கூடுதல் உறுப்புகள் 90. காரில் கைச்சாமான் மட்டும் 40. வெறும் காரோடு கூட்டினால் 3,108. ஜி.வி.எம்.மில் மிச்சம் 242. அதுதான் உருண்டையில் வைக்கக்கூடிய பாரம். அதைப் பத்தால் பெருக்கினால், சாமானோடு கேரவன் ஏறக்குறைய 2,400 கிலோ. 3,500 இழுக்கும் கார், எங்கள் ஐந்து பேரோடு ஒழுங்காக இழுக்கக்கூடியது 2,400 தான்!

2,500 கிலோ ஏ.டி.எம். உள்ள ஒன்றை வாங்கினோம். வெறும் எடை 1,950. அதற்குள் 450 கிலோ வரை ஏற்றினால் என் கணக்குக்குள் நிற்கும். 450 ஏராளம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, இரண்டு தொட்டி நிரப்பினாலே 190 போய்விடும். கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, அரிசி என்று ஏறிக்கொண்டே போகும். பழைய கேரவனோடு நூறு கிலோமீட்டருக்கு 22 லிட்டர் குடித்த கார், திரும்பி வரும்போது 17-ல் வந்தது. மடூரா மேட்டில் அது முக்காமல் ஏறியது. அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டாம்.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்லியிருப்பதை எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் எடை மேடையில்தான் புரிந்தது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் வண்டி விற்பீர்கள், வாங்குவீர்கள், வடிவமைப்பீர்கள். ஒரு பெரிய நம்பரைக் காட்டி "இவ்வளவு இழுக்கும்" என்று யாராவது சொன்னால், "எத்தனை பேரை உட்காரவைத்து?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நீண்ட தூரம் கிளம்பும் முன் ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

இப்போதும் ஒவ்வொரு விடுமுறைக்கும் கிளம்பும் முன் ஊருக்கு போன் செய்வேன். அம்மா வேறொன்றும் கேட்பதில்லை.

"முன்பாரம் சரியா இருக்காடா?"

"இருக்கும்மா."

"அப்போ போயிட்டு வா."