மலைக்கு எப்போது போகலாம்?



பலாபத்வலையில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால், வானம் தெளிந்திருக்கும் காலை வேளைகளில் கிழக்கே மலைகள் வரிசையாகத் தெரியும். உம்மா ஸுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த வாசற்படியில்தான் உட்காருவார். "இந்த மலைக்கி அங்கால என்னதான் மகன் ஈக்கி?" என்று அவர் கேட்காத வருடமில்லை. இன்ஷா அல்லாஹ், ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்லாத வருடமும் இல்லை.

கடைசியில் ஒரு டிசம்பர் விடுமுறையில் புறப்பட்டோம். மச்சானுக்கு லீவு கிடைத்தது. வேன் கிடைத்தது. பிள்ளைகளுக்கும் மத்ரஸாவுக்கும் விடுமுறை. வீட்டுப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கே எழும்பிச் சோறு சமைத்துப் பார்சல் கட்டினார்கள். மாத்தளைக்கு வந்து, ரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறி ரிவர்ஸ்டனை அடைந்தோம். அங்கே என்ன கண்டோம் தெரியுமா? வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் நின்ற வேன்கூடத் தெரியவில்லை. மழை விடவே இல்லை. பிள்ளைகளின் கால்களில் அட்டை. பெண்களுக்கு ஒதுங்க ஓரிடமில்லை, தொழ ஒரு காய்ந்த இடமில்லை. வேனுக்குள் இருந்தபடியே சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். உம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "மலைக்கி வந்தேன் மகன், மலையத்தான் காணல்ல."

அன்றிரவு படுக்கையில் யோசித்துப் பார்த்தேன். நாள் குறிக்கும்போது மச்சானைக் கேட்டோம், வேன்காரரைக் கேட்டோம், பாடசாலைக் கலண்டரைப் பார்த்தோம். அந்த மலைக்கு எது ஏற்ற காலம் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. பிள்ளைகளையும் வயதானவர்களையும் சுமந்துகொண்டு வருகிற பெண்களையும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நாள்தான்.

குறைஷிகளின் இரு பயணங்கள்

குறைஷிகள் மாரிகாலத்தில் ஒரு பயணமும் கோடைகாலத்தில் ஒரு பயணமும் போனார்கள் என்பதை 106ஆவது அத்தியாயம் நமக்கு நினைவூட்டுகிறது. குளிர்காலத்தில் வெப்பமான யெமன் பக்கம், வெயில் காலத்தில் குளிர்ச்சியான ஷாம் பக்கம். வியாபாரிகளான அவர்கள் காலத்தைப் பார்த்தே திசையைத் தெரிவு செய்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு நாம் மனனமாக்கிக் கொடுக்கும் அந்தச் சின்னஞ்சிறு அத்தியாயத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது.

நம்மிலே பலர், பெருநாள் முடிந்த அடுத்த கிழமைதான் பயணத்துக்குரிய காலம் என்று வைத்திருக்கிறோம். நம் மாதங்களோ பிறையைப் பின்பற்றுபவை. ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். 'ரபீஉ' என்றால் வசந்தம், 'ரமழான்' என்ற சொல்லின் வேரிலே கடும் வெப்பம் என்ற கருத்து இருக்கிறது. ஆனால் அந்த மாதங்கள் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகின்றன. 2026இல் நோன்புப் பெருநாள் மார்ச்சில் வருகிறது. அது மலைக்குத் தோதான காலம். 2030இலோ ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ரமழான் இரு முறை ஆரம்பிக்கும். அதையடுத்த சில வருடங்களில் பெருநாள் டிசம்பர், ஜனவரி மழைக்குள் வந்து விழும். பெருநாள் பிறையைப் பார்த்து வரும். மழை சூரியனைப் பார்த்து வரும். இரண்டையும் ஒன்றென்று எண்ணக் கூடாது.

மழையின் கணக்கு

நாம் பார்க்கும் இம்மலைகள் நக்கிள்ஸ் தொடரைச் சேர்ந்தவை. சிங்களத்தில் தும்பர மலைத்தொடர் என்பார்கள். மடக்கிய கையின் விரல் மூட்டுகளைப் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் அப்பெயரை வைத்தனர். இதன் மிக உயர்ந்த சிகரமாகிய கொம்பானியா 1,900 மீட்டருக்குச் சற்று மேல். 2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இந்தக் காடும் அதில் அடங்கியது.

இத்தொடர் இரண்டு காற்றுகளுக்கும் குறுக்கே சுவர்போல நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, லக்கல பக்கம் வறண்ட காற்றாக இறங்கும். அக்காலத்தில் ரிவர்ஸ்டன் கணவாயில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய அளவுக்குக் காற்று அடிக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும், வங்கக் கடலின் தாழமுக்கங்களும். டிசம்பரிலிருந்து வடகிழக்குக் காற்று கிழக்குச் சரிவை நனைக்கும். பெப்ரவரியில் மழை குறைந்து, மார்ச்சில் காலைகள் தெளியும். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் காலை வெளிச்சமாக இருந்தாலும் பிற்பகலில் இடி முழங்கும்.

ஆகவே, குடும்பத்தோடு போவதற்குப் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்லது. அதிலும் விடியற்காலையில் போய் நண்பகலுக்குள் இறங்கிவிடுவது மிக நல்லது.

ஊரார் திருநாட்கள்

வானிலை சரியாக இருந்தாலும் வீதி சரியாக இருக்க வேண்டுமே! மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் பவனி வரும்; அன்று நகரத்தைக் கடப்பது இலேசல்ல. ஏப்ரல் 13, 14 சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. கடைகள் பூட்டியிருக்கும், பஸ் குறையும். வெசாக்கில் வழியெங்கும் தன்சல் பந்தல்கள். ஜூனில் பொசன் வந்தால், எங்கள் ஊரை ஊடறுக்கும் ஏ-9 வீதியிலே மிஹிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் போகும் வாகனங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் கண்டிப் பெரஹரா நடக்கும் நாட்களில் கொழும்பிலிருந்து வருவோர் கண்டிக்குள் நுழையாமல், குருநாகல், தம்புள்ளை வழியாகச் சுற்றி வரலாம். அண்டை வீட்டாரின் திருநாளில் அவர்களுடைய பாதையை நெருக்காமல் இருப்பதும் நல்லொழுக்கமே.

நமக்குரியதையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்த பின் புறப்பட்டு, ஆண்கள் ஜும்ஆவைத் தவறவிடும்படி ஆகிவிடக் கூடாது. தூரத்திலிருந்து பயணிகளாக வருவோருக்குச் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. பலாபத்வலையிலிருந்து போகும் எங்களுக்கு அது கிடையாது. உளூவோடு புறப்படுங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஒதுங்குவதற்கு வழியில் எங்கே நிறுத்துவது என்பதைப் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

உயிர் அமானிதம்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியை நாம் மறக்க முடியாது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களோடு எங்கள் மாத்தளையிலும் மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன. அப்படி ஒரு முறை அசைந்த மண், அடுத்த மழைக்குச் சும்மா இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மழைக்காலத்தில் புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைச் செய்தியில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைத்து விசாரிக்கலாம். எச்சரிக்கை இருந்தால் வேனுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தை நிறுத்துங்கள்.

ஆற்றிலே குளிக்கும் பிள்ளைகள் விடயத்திலும் கவனம் தேவை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்திருக்கும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்ற கெஞ்சலுக்கு இடம் கொடுக்காமல் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள்.

மறுபடியும் போனோம்

அடுத்த வருடம் நாள் குறித்தவர் என் மனைவி. மார்ச் முதல் வாரத்தில் தினமும் காலையில் பின்வாசலைத் திறந்து மலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாட்கள் தொடர்ந்து தெளிவாகத் தெரிந்தது. "நாளைக்கிப் போவம். சோறு வாணாம், பாணும் பருப்பும் போதும்" என்றார். ஒரு நாள் லீவு போட்டேன். கிழமை நாள் என்பதால் கூட்டமும் இல்லை. ஸுப்ஹு தொழுத கையோடு புறப்பட்டோம்.

ரிவர்ஸ்டனில் வேனை நிறுத்தி, உம்மாவைக் கைபிடித்து இறக்கினேன். முழங்கால் வலியோடு மெல்ல நடந்து, ஓரிடத்தில் நின்று கிழக்கே பார்த்தார். லக்கல பக்கத்துப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் நீல நிறத்தில் அடுக்கடுக்காக மலைகள். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஸுப்ஹானல்லாஹ்! அங்காலயும் மலதான் ஈக்கி மகன்."

இருபது வருடக் கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. முழங்கால் இன்னும் கொஞ்சம் மோசமாகியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு உம்மா, ஒரு மாமி, ஒரு பெத்தும்மா எதையோ பார்க்க ஆசைப்பட்டுக் காத்திருக்கலாம். லீவு கிடைக்கும் நாளைக் காத்திருக்காமல், அந்த இடம் தெளிந்திருக்கும் நாளைத் தேடி லீவைக் கேளுங்கள். அடுத்த பயணத்தின் நாளை வீட்டுப் பெண்களைக் கேட்டுக் குறிக்கும்படி ஆண்களிடம் சொல்லுங்கள். அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, போனவர்கள் அனைவரையும் ஸலாமத்தாக வீடு திரும்பச் செய்வானாக! ஆமீன்.