வாம்போ: ஊர், ஆள், பேட்டை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது பூக்கடைகளும் வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும்தான். பெருமாள் கோயிலைத் தாண்டி மேலே போனால் காட்சி மாறுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள், சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த சந்தை, பக்கத்தில் ஒரு சிற்றாறு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: வாம்போ.

அசல் வாம்போ இருப்பது சீனாவில். காண்டன் நகருக்கு அருகே, வெளிநாட்டுக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற துறை. அங்கே 1816-ல் பிறந்த ஹூ ஆ கே, 1830-ல் தந்தையின் கடையைக் கவனிக்க சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கப்பல்களுக்கு இறைச்சி, ரொட்டி, காய்கறி கொடுக்கும் கடை அது. கடைக்குச் சூட்டியிருந்த ஊர்ப் பெயர் ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. கவர்னர் முதல் மாலுமி வரை அவரை 'வாம்போ' என்றே அழைத்தார்கள்.

பிரிட்டிஷ் கடற்படைக்குச் சாமான் கொடுத்தே அவர் செல்வந்தரானார். சரளமான ஆங்கிலமும் விருந்துபசாரமும் மீதியைப் பார்த்துக்கொண்டன. எல்லா வியாபாரமும் பலிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி இறக்கி விற்க 1854-ல் ஆற்றோரம் ஐஸ் ஹவுஸ் திறந்தார், வாங்க ஆளில்லை. (சென்னை மெரினாவிலும் அதே வியாபாரத்துக்கு ஒரு ஐஸ் ஹவுஸ் எழுந்தது, இன்று அது விவேகானந்தர் இல்லம்.) டாங்கிளினில் இருந்த தன் நிலத்தை அவர் விட்டுக்கொடுத்து, மாற்றாக ஆற்றங்கரையில் இடம் வாங்கிக்கொண்டார். அந்த டாங்கிளின் நிலத்தில் 1859-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவைத்தான் 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

அன்றைய அரசியலில் தேர்தல் ஏது? கவர்னர் கைகாட்டியவருக்கு நாற்காலி. 1869-ல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் சீனர் வாம்போ. கடைசிக் காலத்தில் ரஷ்யா, சீனா, ஜப்பான் மூன்றுக்கும் சிங்கப்பூரில் அவரே தூதர். மூன்று பேரரசுகளுக்கு ஒரே மளிகை வியாபாரி பிரதிநிதி என்பது இன்று நினைத்தாலும் விசித்திரம்தான்.

சிராங்கூன் சாலையில் அவர் போட்ட தோட்டம் ஊர்ப் பிரசித்தம். குள்ள மரங்கள், விலங்கு வடிவில் வெட்டிய செடிகள், தாமரைக் குளங்கள். சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வெள்ளைக்கார அதிகாரிகள் அங்கே விருந்துண்டார்கள். தோட்டக்காரரோ சீன உடையையும் பின்னல் குடுமியையும் கடைசிவரை விடவில்லை.

குடும்பத்துக்குள் சிக்கல் அந்தக் குடுமியில்தான் வந்தது. மேல்நாட்டில் படிக்கப்போன மகன், கிறிஸ்தவனாகி, குடுமியையும் வெட்டிக்கொண்டு திரும்பினான். கொதித்துப்போன தந்தை, முடி வளரட்டும் என்று அவனைக் காண்டனுக்கு அனுப்பிவைத்ததாக அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயருடன் ஒரே மேசையில் அமர்ந்த மனிதர், தன் பிள்ளை அவர்களைப் போலாவதைப் பொறுக்கவில்லை. அதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சீனாவில் அன்று குடுமியில்லாத தலை, மன்னரை எதிர்த்த தலை. சொந்த ஊருக்குத் திரும்பும் வழியை அடைத்துவிட்டான் மகன் என்றே தந்தைக்குப் பட்டிருக்க வேண்டும்.

அவர் அந்த வழியை விடவில்லை. 1880 மார்ச்சில் சிங்கப்பூரில் இறந்தவரின் உடல், ஐம்பது ஆண்டு வாழ்ந்த தீவில் புதைக்கப்படவில்லை. கப்பலேறி, வாம்போ துறைக்கு எதிரே உள்ள டேன்ஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.

தோட்டம் மறு வருடமே கைமாறியது. வாங்கியவர் சியா லியாங் சியா, அவரும் சீன வணிகர், அவரும் பிறகு சட்டமன்ற உறுப்பினர். வீட்டுக்குப் 'பெண்டெமீர்' என்று புதுப்பெயர் வைத்தார். 1964-ல் அந்த வீடும் இடிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் அரசு அடுக்குமாடிகளைக் கட்டியது. பெண்டெமீர் இப்போது ஒரு சாலை.