வயிற்றில் கரையும் புளி

தாராவியில் நள்ளிரவில் யாராவது கதவை இடித்தால், திருநெல்வேலியிலிருந்து வந்த தாத்தாவுக்கு 'வயிற்றில் புளியைக் கரைக்கும்'. மாட்டுங்காவில் படித்த பேரனுக்கோ 'அட்ரினலின் ஏறும்'. விஷயம் ஒன்றுதான். ஆனால் தாத்தாவின் சொல்லில் அனுபவம் இருக்கிறது. பேரனின் சொல்லில் இருப்பது வெறும் விலாசம்.

லத்தீனில் 'அட்' என்றால் அருகில், 'ரேனேஸ்' என்றால் சிறுநீரகங்கள். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினல். அதைத் தமிழில் 'அண்ணீரகம்' என்று ஆக்கியவர்களும் அந்த விலாசத்தைத்தான் மொழிபெயர்த்தார்கள். அது சுரக்கும்போது இதயம் வேகமாக அடிக்கிறது; குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை, கால் தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்து நிற்க அல்லது ஓடித் தப்ப உடம்பு தயாராகிறது. தாத்தா வயிற்றைச் சொன்னது சும்மா இல்லை. ('ஃப்ளைட்' என்பதைப் 'பறத்தல்' என்று தமிழாக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயந்தவன் ஓடுவான்; எங்கே பறப்பான்?)

1897இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஏபெல் இந்தச் சரக்குக்கு கிரேக்கத்திலிருந்து 'எபிநெஃப்ரின்' என்று பெயரிட்டார். அதுவும் 'சிறுநீரகத்தின் மேல்' என்றே பொருள்படும். ஆனால் அவர் பிரித்தெடுத்தது சுத்தமானதல்ல. 1900இல் நியூயார்க்கில் ஜோகிச்சி தகாமினே, கெய்சோ உவேனகா என்ற இரு ஜப்பானியர்கள் அதைச் சுத்தமான படிகமாக எடுத்தார்கள். தகாமினே வைத்த பெயர் 'அட்ரினலின்'. பார்க்-டேவிஸ் கம்பெனி அதையே வணிகப் பெயராக்கிக்கொள்ள, அமெரிக்க மருத்துவ உலகம் பொதுப் பெயராக எபிநெஃப்ரினைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் அட்ரினலினை விடவில்லை. இந்தியாவும் பிரிட்டன் பக்கம்தான்.

இது பண்டிதர்களின் வழக்கு என்று தள்ளிவிட முடியாது. பெனிசிலினோ, குளவிக் கொட்டோ, வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாமல் மூச்சுக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் சரியும்போது, தொடைத் தசையில் உடனே போடவேண்டிய முதல் ஊசி இதுதான். அவகாசம் சில நிமிடங்கள். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குச் செம்பூர் வரும் பேத்தியின் சீட்டில் 'எபிநெஃப்ரின்' என்றிருக்கும். இங்கே மருந்துக் குப்பியில் 'அட்ரினலின்' என்றிருக்கும். டாக்டருக்கு இரண்டும் ஒன்றெனத் தெரியும். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடும் தாத்தாவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?