பழகிப்போன பழுதுகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பிறர் இல்லத்தில் அதற்கு மேலும் தங்க நேர்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. உண்ட சோற்றுக்கும் படுத்த பாய்க்கும் எதைத் திருப்பித் தருவது? பணம் தந்தால் நட்பு புண்படும். வாங்கிச் சென்ற பழமும் பலகாரமும் முதல் நாளோடு தீர்ந்துவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலோ, நான்காம் நாள் காப்பித் தம்ளரை வாங்கும்போது கை கூசும்.

பஞ்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோராண்டு உழைத்து ஓய்வு பெற்றவன் நான். ஆலைக் குடியிருப்பைக் காலி செய்தபின் எனக்கெனச் சொந்த வீடு அமையவில்லை. மனைவியும் இறைவனடி சேர்ந்துவிட்டாள். திருச்சியில் மகள் வீட்டில் சில மாதம், ஓசூரில் மகன் வீட்டில் சில மாதம், இடையிடையே பழைய நண்பர்களிடம் பத்து நாள், இருபது நாள் என்று என் காலம் நகர்கிறது. துணிப்பையோடு இன்னொரு பையும் உடன் வரும். அதில் திருப்புளி, குறடு, சிறு சுத்தியல், டெஸ்டர், குழாய் வாஷர்கள், கொஞ்சம் திருகாணிகள் இருக்கும்.

இவ்வாறு வீடு வீடாகச் சென்றதில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. பழுது என்பது வீட்டாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. சொட்டும் குழாயின் கீழ் வாளி வைக்கப் பழகிவிடுகிறார்கள். தாழ்ப்பாள் விழாத கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். அதிர்ச்சி தரும் சுவிட்சைப் பிள்ளைகள் குச்சியால் தட்டக் கற்றுக்கொள்கிறார்கள். புதிதாய் வந்தவன் கண்ணிலேதான் இவை உறுத்துகின்றன. அந்த உறுத்தல் மரத்துப் போவதற்குள் கேட்டுவிட வேண்டும். ஆனால் கேட்காமல் கை வைக்கலாகாது. நாம் குறை என்று காண்பதை வீட்டார் காரணத்தோடு விட்டுவைத்திருக்கலாம். மழைக்காலத்தில் ஊதி இறுகும் கதவை அப்போதே இழைத்துவிட்டால், பங்குனி வெயிலில் மரம் சுருங்கி இடைவெளி விழும். கோடை வரை பொறுத்திருப்பதும் பழுது பார்ப்பதில் ஒரு பகுதிதான்.

திருத்தூதர் பவுலைக் குறித்து நாம் அதிகம் எண்ணாத செய்தி ஒன்று திருத்தூதர் பணிகள் நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கொரிந்து நகருக்கு வந்த அவர் அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரின் வீட்டில் தங்கினார். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அவருக்கும் அதுவே தொழில். எனவே அவர்களோடு அமர்ந்து வேலை செய்தார். ஊர் ஊராய்ச் சென்ற அந்த மனிதர் விருந்தினராகவே இருந்துவிடாமல், கையில் ஊசியும் நூலுமாய் அவ்வீட்டில் ஓரிடம் பெற்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரைக்குடியை அடுத்த நாச்சியாபுரத்தில் என்னோடு ஆலையில் பணிபுரிந்த செட்டியார் நண்பர் ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்த தமக்கையாருக்குத் துணையாக அவரது புகுந்த வீட்டில் தங்கியிருக்கிறார். நகரத்தார் வழக்கப்படி அவர் தமக்கையை ஆச்சி என்பார். நானும் அவ்வாறே அழைக்கிறேன். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய செல்வத்தால் எழுந்த வீடுகளுள் அதுவும் ஒன்று. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தளம், நடுவே திறந்த வளவு, சுற்றிலும் மணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபின் அந்த வருவாய் அற்றது. வீடு மட்டும் பங்காளிகளின் பொதுச்சொத்தாக நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் சில 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் ஓட்டுக்கூரை ஒழுகாமல் இருக்குமா?

அங்கே இரு கூரைகள் சந்திக்கும் கூடல்வாயில் வேப்பிலை அடைத்து, ஓடு நகர்ந்து, ரீப்பர் மரம் உளுத்திருந்தது. கீழே பித்தளை அண்டா ஒன்று மூன்று மழைக்காலமாக வைக்கப்பட்டிருந்தது.

“இதைச் சரி செய்யலாமே ஆச்சி?” என்றேன்.

“செய்யலாந் தம்பி. மரத்தை மாத்தணும்னா அந்தப் பூட்டுன அறையைத் திறக்கணுமே” என்றார்.

பூட்டிய அறை அவருடைய கொழுந்தனாருக்கு உரியது. சொத்து வழக்கொன்றில் மனம் கசந்து, சென்னையிலிருக்கும் அவரோடு ஒன்பது ஆண்டாகப் பேச்சில்லை. ஒழுகல் ஏன் அத்தனை நாள் தொடர்ந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆச்சியே தம்பியிடம் கைப்பேசியை நீட்டி, எண்ணைப் போடச் சொன்னார். பேச்சு ஒரு நிமிடமும் நீளவில்லை. அந்த வாரமே கூரியரில் சாவி வந்தது. உடன் கடிதம் ஏதும் இல்லை.

உள்ளூர்க் கொத்தனாரும் நானுமாக ஆறு நாள் வேலை பார்த்தோம். நனைந்து உதிர்ந்த சுவரில் சிமெண்டு பூசலாமா என்று கேட்டேன். “சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும்யா. மேல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளயே நின்னு சுவரைத் தின்னுரும்” என்றார் அவர். சுண்ணாம்பையே நீற்றி, அரைத்துப் பூசினோம். பழைய தொழுநோய் இல்லங்களை மருத்துவமனைகளாக மாற்றியமைக்க 1945-ல் இந்தியா வந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நினைவுக்கு வந்தார். தாம் பயின்றது இந்த மண்ணுக்குப் போதாது என்று கண்டு, மலைக்கிராமத்துக் கொத்தர்களிடம் கற்றுக்கொண்டவர் அவர். வெளியிலிருந்து வருபவன் பழுதைக் காணலாம். அதைத் தீர்க்கும் முறையை அந்த ஊரிடந்தான் கேட்க வேண்டும்.

ஐப்பசியின் முதல் பெருமழை இரவில் பெய்தது. அண்டாவின் அடியில் ஒரு துளி இல்லை. காலையில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. “ஒழுகுறது நின்னுச்சா?” என்று மட்டும் கேட்டாராம். நின்றுவிட்டதைச் சொன்ன ஆச்சி, தைக்கு வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். அவர் வந்தாரா என்பது தையில்தான் தெரியும். வழக்கு தீரவில்லை. கூரை தீர்ந்தது.

இவற்றை நான் கடன் அடைப்பதாகக் கருதுவதில்லை. அன்போடு இட்ட சோற்றுக்கு வாஷர் விலையா ஈடாகும்? சொந்த வீடில்லாத எனக்குப் பிறர் வீட்டின் ஓட்டையும் தாழ்ப்பாளும் கவலையாக அமைந்திருப்பது ஒரு பேறு. கவலைப்பட ஒரு வீடு இருப்பவன் முற்றிலும் வீடற்றவன் அல்லன் அன்றோ?

புறப்படும் நாளில் வழக்கமாய் ஒன்று செய்வேன். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும் என்று வீட்டில் ஒருவருக்குக் காட்டி, உபரி வாஷர்களை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுப்பேன். நான் மறுமுறை வரும்போது செய்ய வேலை ஏதும் இல்லாதிருந்தால், மகிழ்ச்சியோடு வெறுங்கையனாய் அமர்ந்து காப்பி குடிப்பேன்.