ஒலிக்காத தந்திகள்

ஐம்பதைக் கடந்த அகவையில் பேஸ் கிட்டாரைக் கையிலெடுத்துள்ளோம். ஆசானாக வாய்த்தது இணையக் காணொளி. 1951-இல் லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்த பிரிசிஷன் பேஸைப் போலவே நம்முடையதற்கும் நான்கே தந்திகள். சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அவை ஒலிக்கின்றன.

நான்குதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால், ஒரு தந்தியை மீட்டுவது எளிது. மற்ற மூன்றையும் அடக்கி வைப்பதே அரிது. தொடாத தந்தியும் அதிர்ந்து, இசையைக் கலக்கிவிடுகிறது. ஆகவே இடக்கை விரல்கள் தந்திகள்மீது மெல்லப் படிந்திருக்க, வலக்கைப் பெருவிரல் தடித்த தந்தியில் ஊன்றி நிற்க வேண்டும்.

காணொளி இதனை வேகம் குறைத்து, எத்தனை முறையும் சலிக்காமல் காட்டுகிறது. ஆயின் அது நம்மைக் கேட்பதில்லை. நம் தாளம் பிந்தினாலும் அதே புன்னகையுடன் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறது. எனவே வாசித்ததைக் கைபேசியில் பதிந்து, நாமே கேட்கிறோம். பேசியே பழகிய நமக்கு இது புதிய பயிற்சி.

மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன், 1960-களில் எண்ணற்ற பாடல்களை வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தாங்கினார். அவர் பெயர் அந்நாளைய இசைத்தட்டு உறைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அடித்தளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது விலகினால்தான் வீடு அறியும். அன்பர்களே, தாங்குவோர்க்கு முதற்பாடம் அடங்கியிருப்பதே!