கழுநீர்ப் பானை இல்லாத ஊர்

தில்லியின் லோதி ரோடு ஒரு சமாதியில் தொடங்கி ஒரு தர்காவின் அருகே முடிகிறது. மேற்கே சப்தர்ஜங், கிழக்கே நிஜாமுதீன். நடுவில் லோதி சுல்தான்களின் கல்லறைத் தோட்டம், வானிலைத் துறையின் தலைமையகம், வியாழக்கிழமைகளில் நடக்க இடம் விடாத சாயி பாபா கோயில், சி.பி.ஐ. தலைமையகம் என்று எல்லாம் அடக்கம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் இங்கே லோதி எஸ்டேட்டில் இருக்கிறது.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு பெருமையும் இந்தச் சாலைக்கு உண்டு. நாட்டின் குப்பை விதிகள் பிறந்த இடம் இது. 2000-ல் நகரத் திடக்கழிவு விதிகள் வெளியானபோது சுற்றுச்சூழல் அமைச்சகம் லோதி ரோட்டின் சி.ஜி.ஓ. வளாகத்தில் இருந்தது. 2014-ல் அமைச்சகம் பக்கத்து ஜோர்பாக்கில் புதிய கட்டடத்துக்குக் குடிபோனது. 2016-ல் அங்கிருந்து அடுத்த விதிகள் வந்தன. ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத்தான் ஒவ்வொரு குடும்பமும் கொடுக்க வேண்டும் என்றன.

அமைச்சகத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் லோதி காலனி. வெள்ளைக்காரர்கள் புதுதில்லியில் கடைசியாகக் கட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு. 1940களின் உயரமான வளைவு வாசல்கள், உள்ளே முற்றம், இரண்டே மாடி. இப்போது வெளிச்சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலே ஓவியங்கள் தீட்டி, கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல் வருபவர்கள். குப்பையைப் பார்க்க வேண்டுமானால் ஏழு மணிக்கு வர வேண்டும்.

முதலில் கேட்பது கபாடிக்காரரின் குரல். நம் ஊரில் பழைய பேப்பர்க்காரர் என்போம். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கண்ணாடி பாட்டில், இரும்பு, ஓடாத மிக்ஸி எல்லாவற்றுக்கும் அவரிடம் விலை உண்டு. பேரம் பேசாத வீடும் இல்லை, அவர் தராசை நம்பிய வீடும் இல்லை. பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பெண்களும் வருவார்கள். நான்கு சேலைக்கு ஒரு எவர்சில்வர் டப்பா என்ற கணக்கில் போகும் துணி, மேற்கு தில்லி ரகுவீர் நகரில் விடியுமுன் கூடும் சந்தையில் கைமாறி மறுபடி யாருடைய உடம்பிலோ ஏறுகிறது. 1999-ல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இன்னும் ஒரு படி போய், உடுத்த முடியாத பருத்தித் துணியைக்கூட மாதவிடாய்த் துணியாக்கிக் கிராமங்களுக்கு அனுப்புகிறது.

ஆக, உலர் குப்பைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. விலையும் இருக்கிறது. தில்லிக் குடும்பங்களுக்கு இதில் யாரும் புதிதாக வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் குப்பை ஒழிப்புக் கருத்தரங்குகளில் அதிகம் பேசப்படுவதும் இந்தப் பாதிதான். பேசி முடித்துவிட்டு ஆளுக்கு ஒரு புது சணல் பை கொடுத்து அனுப்புவார்கள்.

யாரும் விலைக்கு வாங்காத மறுபாதியில்தான் சிக்கல். தில்லி நாளொன்றுக்குச் சுமார் 11,000 டன் குப்பை போடுகிறது. தலைக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஏறக்குறைய பாதி, அடுப்படியிலிருந்து வரும் ஈரக் குப்பை. நான்கு பேர் உள்ள வீட்டில் தினம் ஒரு கிலோ. முருங்கைக்காய்ச் சக்கை, வெங்காயத் தோல், காபிச் சக்கை, நேற்றைய சாம்பார்.

தமிழில் இதற்கு ஒரு பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சியின் மிச்சம் எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும். சாயங்காலம் மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். சாம்பலையோ காகிதத்தையோ அதில் போட்டால் வீட்டுப் பெரியவளிடம் வசவு நிச்சயம். மாடு தின்னும் பொருளாயிற்றே. ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரிக்க நமக்கு அரசிதழ் அறிவிக்கை தேவைப்பட்டதில்லை. மாடு போயிற்று, பானையும் போயிற்று, அந்த இடத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியும் உள்ளே கறுப்புப் பாலிதீன் பையும் வந்தன. இப்போது எல்லாம் ஒன்றாய்க் கிடக்கிறது.

ஒன்றாய்க் கிடந்தால் என்ன ஆகும்? லோதி காலனி புதுதில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. காஜிப்பூர் குப்பை மலையைப் பற்றி நாடே அறியும். 1984-ல் தொடங்கி, 2019-ல் 65 மீட்டர் உயரம் தொட்டு, குதுப் மினாரோடு ஒப்பிடப்பட்டது. 2017 செப்டம்பர் 1 அன்று சரிந்து இருவரைக் கொன்றது. காற்றுப் புகாமல் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பும். 2022 மார்ச்சிலும் 2024 ஏப்ரலிலும் அந்த மலை தீப்பற்றி எரிந்ததற்குப் பின்னால் இந்த வாயு உண்டு. ஆனால் புதுதில்லி நகராட்சி மன்றம் குப்பையை அனுப்பிவந்த இடம் வேறு. 2012-ல் இயங்கத் தொடங்கிய ஓக்லா மின் நிலையம் அது. அங்கே குப்பை எரிகிறது. வெள்ளரிக்காய்த் தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து விரட்டிய பிறகுதான் மிச்சம் எரியும். ஈரம் கூடக்கூட அடுப்பின் சூடு குறையும், புகையும் கெடும். நிலையத்தை ஒட்டியிருக்கும் சுக்தேவ் விஹார் மக்கள் அது கட்டப்படும் காலத்திலேயே நீதிமன்றம் போனவர்கள். லோதி ரோட்டுச் சமையலறையின் ஈரம் அவர்களுடைய மூச்சில் சேருகிறது என்பது மிகைப்பேச்சு அல்ல.

காலனியின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தஞ்சாவூர்ப் பெண்மணி ஒருவர் முற்றத்து மூலையில் மூன்று மண்பானைகளை அடுக்கி வைத்திருக்கிறார். பக்கங்களில் விரல் நுழையும் ஓட்டைகள். "முதல் மாசம் நாத்தம் தாங்கலை ஸார். புழு வேற. இவர் தூக்கி எறின்னுட்டார்" என்றார். அவருக்கு வழி காட்டியது கர்சன் ரோட்டு நிபுணர் யாருமல்ல, தெருப் பெருக்குகிறவர். சருகு போதவில்லை என்றார் அவர். ஒரு கை தோலுக்கு இரண்டு கை காய்ந்த இலை. மேலே பழைய எருவோ புளித்த மோரோ கொஞ்சம். மூன்று நாளைக்கு ஒரு தடவை கிளறல். சருகு அதிகப்படி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நடுவே காற்றுக்கு வழிவிடுகிறது. காற்று இருந்தால் நாற்றம் இல்லை. முதல் பானை நிறைந்ததும் அடியில் இறக்கி, காலிப் பானையை மேலே ஏற்றுகிறார். கோடையில் இரண்டு மாதத்தில் எரு. ஜனவரிக் குளிரில் பானை தூங்கிவிடுகிறது, இரண்டு மடங்கு நாள் பிடிக்கும்.

தமிழ் வீடுகளுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. பில்டர் காபிச் சக்கை. பானைக்கு அதைவிடப் பிடித்த தீனி கிடையாது. தேங்காய்ச் சிரட்டையைப் போடாதீர்கள், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். எண்ணெய்ப் பண்டம், மீன் முள் இரண்டும் எலியை வரவழைக்கும். மாடி வீட்டுக்காரர்களும் செய்யலாம், பால்கனியில் ஒரு பானைக்கு இடம் போதும். அதற்கும் இடமில்லையென்றால் ஈரத்தைப் பையில் கட்டாமல் தனி வாளியில் கொடுப்பதே பாதி வேலை முடிந்த மாதிரி.

சருகுக்குத் தில்லியில் பஞ்சமில்லை, காலம்தான் விசித்திரம். நமக்கு இலையுதிர்வு என்றால் பனிக்காலம் நினைவுக்கு வரும். இங்கே வேம்பு பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் கொட்டும். அந்த நாட்களில் லோதி ரோட்டு நடைபாதை மஞ்சளாகிவிடும். முன்பெல்லாம் ஓரமாகக் குவித்துத் தீ வைப்பார்கள். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பையும் இலையும் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. தஞ்சாவூர்ப் பெண்மணி மார்ச்சில் நான்கு கோணிச் சருகு சேர்த்துப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறார். வருஷத்துக்குப் புளி வாங்கி வைப்பது போலத்தான்.

பால் உறைக்கும் தில்லியில் ஒரு வழி உண்டு. 1974-ல் வந்த மதர் டெய்ரியின் பூத்துகளில் டோக்கன் பால் கிடைக்கிறது. தூக்கு எடுத்துப் போனால் பிடித்து வரலாம், பாக்கெட்டைவிட விலையும் குறைவு. பாக்கெட்தான் வேண்டும் என்பவர்கள் முனையை முழுதாகக் கத்தரிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டட்டும். கழுவிக் காயவைத்த உறையைக் கபாடிக்காரர் எடுத்துக்கொள்வார். துண்டாய் விழுந்த முனையை எடுக்க யாரும் குனியமாட்டார்கள். காய்கறிக்குப் போக மஞ்சள் பை இருக்கவே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021-ல் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே, கும்பகோணத்துக் கல்யாணப் பைகள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்து தில்லிக் காய்கறிக் கடைகளில் புழங்கியவை.

கிழக்கே நடந்தால் சாலை நிஜாமுதீனை நெருங்குகிறது. காலனிக்குத் தெற்கே ஓடும் குஷக் நாலாவும் சுனேரி நாலாவும் சேர்ந்து பாராபுல்லா ஆகின்றன. பன்னிரண்டு தூண் நிற்கும் ஜஹாங்கீர் காலத்துப் பாலத்தால் வந்த பெயர். ஜங்புரா பக்கம் அதன் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி. அங்கிருந்த பெண்கள் சுற்றுவட்டாரக் காலனிகளில் பாத்திரம் தேய்த்தார்கள், அந்த வீடுகளின் குப்பை வாளியைக் கொட்டினார்கள். நாலா அடைபடுகிறது, மழைநீர் வடியவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ஆணையிட, 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்களுக்கு மட்டும் நகரின் வடக்கு விளிம்பில் உள்ள நரேலாவில் வீடு என்றார்கள். அங்கிருந்து காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் வேலைக்கு நிற்க முடியுமா என்பது பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கரையில் குடிசை இருந்தது உண்மை. ஆனால் நாலாவில் வருவது கரையில் மட்டும் போட்டதல்ல. மேலே உள்ள காலனிகளின் கழிவும் இதில்தான் சேருகிறது. இடிபாடு அகற்றிய பிறகு ஒரு மழை நாளில் பாலத்தில் நின்று பார்த்தேன். கறுப்புத் தண்ணீரில், முடிச்சுப் போட்ட பாலிதீன் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக யமுனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று தூணில் மோதிக் கிழிந்தது. உள்ளே இருந்தது பட்டாணித் தோலும் டீத்தூளும்.