யார் இன்னும் வீடு திரும்பவில்லை?

தொழில் நடக்கும் ஊரில் குடியிருப்பது ஒன்று. தொழில் நின்றுபோன ஊரில் குடியிருப்பது வேறொன்று. முன்னதில், மனிதர் எதற்காக அங்கே வந்து சேர்ந்தனர் என்று யாரும் கேட்பதில்லை. பின்னதிலோ, அந்தக் கேள்வி நாள்தோறும் வாசலில் வந்து நிற்கிறது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில், தொழிலாளர் லைன் ஒன்றில் வாழ்ந்துவரும் எங்களிடம் வெளியூர் உறவினர் கேட்பதும் அதுவே: "சுரங்கத்தை மூடி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இன்னும் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்?"

இதற்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் விடைகள் உண்டு. பெங்களூரில் வீட்டு வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, பெற்றோரின் கல்லறைகள் இங்கே இருக்கின்றன, பழகிய ஊர். இவை பொய்யல்ல. ஆயினும் முழு உண்மையும் அல்ல. எஞ்சிய உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இந்த லைன் எப்படி உருவாயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவர்களுள் மிகப் பலர், பிறந்த ஊரில் சாதியின் பெயரால் தலைகுனிய வைக்கப்பட்டவர்கள். நிலத்தின் மேலே கிடைக்காத வாழ்வை நிலத்தின் அடியில் தேடினார்கள். முதலில் மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகள். பின்னர் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள். இவையே 'லைன்' எனப்பட்டன. இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் விழித்துக்கொள்வார்கள். இருமல் எங்கள் ஊரில் மிகுதி. பாறையைத் துளைக்கும்போது எழும் தூசி நெஞ்சில் தங்கிவிடும். பணி ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வதில்லை.

1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் இங்கிருந்து வெளியேறியது. இந்தச் செய்திகளை எல்லா நூல்களும் கூறும். நூல்கள் அதிகம் கூறாத ஒன்றை நாங்கள் கூற விரும்புகிறோம். அது, பூமி அதிரும்போது எங்கள் லைனில் நடந்தது.

ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். 'ஏர் பிளாஸ்ட்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே வீடுகள் குலுங்கும்; அலமாரியில் பாத்திரங்கள் உருளும். மற்ற ஊர்களில் நிலம் அதிர்ந்தால் மக்கள் தம் வீட்டைப் பார்ப்பார்கள், தம் பிள்ளையைத் தேடுவார்கள். எங்கள் லைனிலோ எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும், எல்லா வாய்களும் ஒரே கேள்வியைக் கேட்கும்: "யார் யார் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள்?" எழுத்தறியாத பெண்களும், எந்த வீட்டு ஆண் எந்த ஷாஃப்டில் எந்த ஷிப்டில் இறங்கியிருக்கிறார் என்பதை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வரும்வரை அந்தக் கணக்கு ஒவ்வொரு பெயராகத் தீரும். கடைசிப் பெயரும் தீரும்வரை எந்த வீட்டிலும் சோறு பரிமாறுவதில்லை. தம் கணவர் முதலிலேயே வந்து சேர்ந்துவிட்டாலும் அந்தப் பெண் வீட்டுக்குள் போகமாட்டாள்.

எண்ணுவதில் இரண்டு விதம் உண்டு என்பதை எங்கள் ஊரின் வரலாறே காட்டுகிறது. 1930-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக மட்டுமே மனிதர் போராடுவர் என்று எண்ணுவோர்க்கு அதன் காரணம் வியப்பளிக்கும். ஒவ்வொருவரின் விரல் ரேகையையும் பதிந்து வைத்துக்கொள்ளும் முறைக்கு எதிராக எழுந்த போராட்டம் அது. குற்றவாளிகளைப் போலத் தம்மைப் பதிவு செய்வதை அந்த எளிய மக்கள் ஏற்கவில்லை. தங்கம் திருடுபோகிறதா என்று பார்ப்பதற்காக ஒருவரை எண்ணுவது ஒன்று. அவர் வீடு திரும்பினாரா என்று அறிவதற்காக எண்ணுவது மற்றொன்று. முன்னதில் மனிதன் சந்தேகத்துக்கு உரியவன். பின்னதில் அன்புக்கு உரியவன். இரண்டும் ஒரே லைனில், ஒரே ஆட்களைக் குறித்து நடந்தன.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. செலவு கூடி, எடுக்கப்படும் தங்கம் குறைந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நீர் இறைப்பது நின்றதும் சுரங்கத்துள் நீர் நிறைந்தது. அதன் பிறகும் நிலம் அவ்வப்போது அதிர்ந்தது. முதன்முறை அதிர்ந்தபோது எங்கள் லைனில் கதவுகள் பழையபடியே திறந்தன. வெளியே வந்து நின்ற பெண்கள், கேட்க வேண்டிய கேள்வி இனி இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள். ஷிப்டு ஏது? இறங்கியவர் யார்? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே சென்றார்கள். சுரங்கம் மூடப்பட்ட துயரத்தை நாங்கள் முழுமையாக அறிந்த வேளை அதுவே. கூலி போனது ஓர் இழப்பு. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டிய காரணம் போனது அதனினும் பெரிய இழப்பாகத் தோன்றியது.

ஆனால் அந்தக் காரணம் வேறு உருவில் திரும்பி வந்தது. ஊரில் 'பெமல்' தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது; எனினும் அது எல்லோருக்கும் வேலை தர முடியாது. எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகச் செல்கிறது. விடியுமுன் தூக்குச் சட்டியோடு புறப்படுவோர் இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். தந்தையர் கீழே இறங்கினர். பிள்ளைகள் தொலைவு செல்கின்றனர். இருவருமே பகலின் வெளிச்சத்தில் தம் வீட்டைக் காணாதவர்கள். ரயில் தாமதமானால் லைனில் பழைய பேச்சுக் கேட்கிறது: "உங்கள் பெண் வந்துவிட்டாளா? எங்கள் பையனை ரயிலில் பார்த்தாளாமா?"

இப்படிச் செல்வோரும் ஓரளவுக்குமேல் தாங்குவதில்லை. பெங்களூரிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. நாள்தோறும் பல மணி நேரம் ரயிலில் கழிப்பவர்க்குக் குடும்பம் எங்கே, உறக்கம் எங்கே? ஆகவே பூட்டிய வீடுகள் பெருகுகின்றன. தனித்து வாழும் முதியோர் பெருகுகின்றனர். எங்கள் லைனில் ஓர் ஆயா இருக்கிறார். கணவர் சுரங்கத் தூசியால் மறைந்தார், பிள்ளைகள் வெளியூரில். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாட்களில் முதல் குடம் அவருடையதாகவே இருக்கும். ஒரு நாள் வரிசையில் அந்தக் குடத்தைக் காணோம். "ஆயா குடம் இல்லையே!" என்று ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான். நான்கு பேர் ஓடினார்கள். ஆயா சமையலறையில் விழுந்து எழ முடியாமல் கிடந்தார். தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தும் பிழைத்துக்கொண்டார். ஒரு குடம் இல்லாததைக் கண்ட கண் அவரைக் காப்பாற்றியது.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் தேடிச் சென்ற தூரத்தையும், தோள்மேல் சுமந்து வந்த அன்பையும் எண்ணி உருகுகிறோம். ஆனால் அதற்கு முன்னே நடந்த சிறு செயலை நாம் கவனிப்பதில்லை. மாலையில் அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணியிராவிட்டால் ஒன்று குறைகிறது என்பதே அவருக்குத் தெரிந்திராது. தேடுகின்ற அன்புக்கு முன்னே எண்ணுகின்ற அன்பு வேண்டும். எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்ட சட்ட அறிஞருக்கு, எங்கள் லைன் பெண்கள் தம் வழியில் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: எவர் வீடு திரும்பவில்லை என்பது உனக்குத் தெரிகிறதோ, அவரே உனக்கு அடுத்திருப்பவர்.

அண்மையில் எங்கள் அன்பியக் கூட்டத்தில் குடும்பக் கணக்கு எடுத்தோம். பூட்டிய வீடுகளை எழுதுவதா, விடுவதா என்று பேச்சு எழுந்தது. இல்லாதவரை எழுதி என்ன பயன் என்றார் ஒருவர். அதற்கு ஒரு தாய், "எழுதுங்கள். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைக்கு வரும்போது, நம்மை யாரும் மறக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்" என்றார். எழுதினோம். குடியிருப்போர் பெயர்களைவிடப் பூட்டிய வீடுகளின் பெயர்கள் அதிகமாயின. அந்தத் தாளை வைத்தே இப்போது செபிக்கிறோம்.

ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறக் குன்றுகள் நிற்கின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண் அது. சயனைடு மேடு என்போம். காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசி எங்கள் சோற்றிலும் விழும். அந்த மண்ணிலும் இன்னும் சிறிது தங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில் உள்ள 13 மேடுகளிலிருந்து அதை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டு கர்நாடக அரசு ஒப்புதல் அளித்தது. வேலை வருமானால் மகிழ்வோம். கழிவென்று கொட்டியதற்குள்ளும் விலைமதிப்புள்ள ஒன்று தங்கியிருப்பதை அரசே கண்டுகொண்டதில் எங்களுக்கு ஒரு சிறு நிறைவு உண்டு. எங்கள் லைன்களைக் குறித்தும் நாங்கள் அதையே நம்புகிறோம்.

வாசக அன்பர்களே, தொழில் நின்றுபோன குடியிருப்பு எங்களுடையது மட்டுமன்று. கோவையிலும் மும்பையின் பரேலிலும் ஆலைச் சங்கு ஓய்ந்த தெருக்கள் உண்டு. உங்கள் தெருவிலும் பூட்டிய கதவுகளும் தனித்த முதியோரும் இருக்கக்கூடும். தொழிலை மீட்டுத் தருவது நம் கையில் இல்லை. ஆனால் இன்றிரவு மாலைச் செபம் தொடங்குமுன், நம் தெருவில் யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்று கேட்பது நம் கையில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தபின் செபத்தைத் தொடங்குவோம்.